உரிமையும் ஊதியமும்

சட்டம் ஓர் உரிமையை எழுதிவைக்கின்றது. அவ்வுரிமையை நாள்தோறும் யார் சுமந்து நடக்கின்றார் என்பதைச் சட்டநூலிற் காணமுடியாது; சம்பளப் பட்டியலிலேதான் காணலாம். பாடசாலையிலே பணிபுரியும் எமக்கு இவ்வுண்மை முற்றிலும் புதிதன்று. எனினும், அண்மைக் காலத்தில் இரண்டு வழிகளால் அது எம் சிந்தையை விட்டகலாதிருக்கின்றது. ஒன்று, பிரெஞ்சுச் சமூகவியலாளரான டனியேல் கெர்கோவா அம்மையாரின் ஆய்வுகளை, ஆங்கிலத்திற் கிடைக்கும் கட்டுரைகள் வாயிலாக நாம் படித்துவருவது. மற்றொன்று, எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்து, மணமாகிப் பாரிசு நகரின் புறத்தே குடியேறிய மாணவி ஒருத்தியுடன் தொலைபேசியில் நடத்திவரும் உரையாடல். ஆய்வாளர் எழுதியதும் மாணவி சொல்வதும் ஒன்றையொன்று விளக்குகின்றன. அவ்விளக்கத்தையே ஈண்டு ஆசிரிய நண்பர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மாணவி பார்க்கும் வேலை, பொதுப் பாடசாலையிற் பயிலும் இயலாமையுடைய பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து துணைசெய்வது. பிரெஞ்சு மொழியில் அவ்வுத்தியோகத்துக்கு நீண்டதொரு பெயர் உண்டு. இயலாமையுடைய மாணவரோடு கூடச் செல்பவர் என்பது அதன் பொருள். துணையாளர் என்று நாம் சுருக்கிக்கொள்ளலாம். அங்கு சென்ற புதிதிலே, வீட்டோடு முடங்கிய நோயாளரையும் இயலாமையுடையோரையும் பராமரிக்கும் வேலையிற் சில ஆண்டுகள் இருந்தாள். அவ்வனுபவத்தின் பேரிலேயே பாடசாலை வேலை அவளுக்குக் கிடைத்தது.

இவ்வேலை தோன்றிய வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும். பிரான்சில் 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இயலாமையுடைய பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம் என்று கூறிற்று. ஆயினும் அவர்களுட் பலர் பொதுப் பாடசாலையின் வாயிலைக் காணாமலே, தனி நிலையங்களுக்குள் வளர்ந்தனர். 2005ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதிச் சட்டம் இந்நிலையை மாற்ற முற்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு அண்மையிலுள்ள பொதுப் பாடசாலையிற் பதிவு பெறும் உரிமையுடையது என்று அது விதித்தது. 2006இல் ஏறக்குறைய 118,000 பிள்ளைகள் இவ்வாறு பொதுப் பாடசாலைகளிற் பயின்றனர். 2022இல் அத்தொகை 430,000ஐத் தாண்டிவிட்டது. இப்பிள்ளைகளின் பெற்றோர் நெடுங்காலம் போராடிப் பெற்ற வெற்றி இது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் எமது நோக்கமன்று.

ஆனால், பிள்ளையைப் பதிவுசெய்தால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. எழுத முடியாத பிள்ளைக்கு எழுதித் தரவேண்டும். இரைச்சலைத் தாங்காத பிள்ளையை வேளையறிந்து வெளியே கூட்டிச்செல்லவேண்டும். சக்கர நாற்காலியிலிருக்கும் பிள்ளையை மலசலகூடத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். இவற்றையெல்லாம் செய்வதற்கு அரசு ஆட்களைத் தேடிற்று. 2003ஆம் ஆண்டிலிருந்து இவ்வேலைக்கென ஆட்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர், வேலையற்றோர்க்கு அரசு மானியங் கொடுத்து வழங்கும் குறுகியகால ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள். பிள்ளையின் இயல்பைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். துணையாளர் மீண்டும் வேலையற்றோர் பட்டியலுக்குச் செல்வார். பிள்ளை புதிய முகமொன்றைப் பழகத் தொடங்கும். 2014இல் உத்தியோகத்துக்குப் புதிய பெயரும், ஆறு ஆண்டு ஒப்பந்த சேவைக்குப் பின் காலவரையற்ற நியமனம் பெறும் வழியும் கிடைத்தன. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அந்த ஆறு ஆண்டை மூன்றாகக் குறைத்தது. இன்று அந்நாட்டுக் கல்வித்துறையில் ஆசிரியர்களுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகையினர் இத்துணையாளரே. 2023 அளவில் அவர்கள் 130,000க்கு மேல். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பெண்கள். பணிக்கு வருவோர்க்கு விதிக்கப்பட்ட பயிற்சி அறுபது மணித்தியாலம்.

எமது மாணவி மூன்று ஆண்டுகளை நிறைவுசெய்து நியமனக் கடிதம் பெற்ற நாளில் எமக்குத் தொலைபேசி எடுத்தாள். நாம் வாழ்த்தினோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்து, பின் சொன்னாள்: "நிரந்தரம் எண்டு கடிதம் தந்திட்டினம் ரீச்சர். சம்பளம் மட்டும் பழைய சம்பளந்தான்."

அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். பிரான்சின் ஆரம்பப் பாடசாலை வாரத்துக்கு 24 மணித்தியாலம் நடைபெறுகின்றது. துணையாளரின் நேரமும் அதனோடு முடிந்துவிடுவதாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே பாடசாலை நடைபெறும் நேரம் முழுவதும் பிள்ளையோடிருப்பவரும், கணக்கேட்டின்படி முழுநேர ஊழியரல்லர். முழுநேரத்தில் ஏறத்தாழ 62 வீதம் வேலைசெய்பவர். மாதமுடிவிற் கையிற் கிடைப்பது ஏறக்குறைய 1,000 யூரோ. அந்நாட்டுச் சட்டம் முழுநேர ஊழியர்க்கு வரையறுத்த ஆகக்குறைந்த கூலியிலும் இது மிகக் குறைவு. பாரிசுப் புறநகரில் ஒரு சிறு வீட்டின் வாடகையே இதிற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனவே அவள் மாலை வேளைகளில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலைக்கும் போகின்றாள். இங்கு வேலை நிரந்தரமாயிற்று. வறுமையும் அதனோடு நிரந்தரமாயிற்று. உத்தியோகப் பாதுகாப்பின்மை என்பதை ஒப்பந்தக் காலத்தைக் கொண்டு மட்டும் அளக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. மணித்தியாலங்களையும் எண்ணினாலன்றி அதன் முழு உருவம் புலப்படாது என்பதை இம்மாணவியின் நிலை காட்டுகின்றது.

அவள் செய்யும் வேலைதான் யாது? எட்டு வயதுச் சிறுவன் ஒருவனோடு அவள் இருக்கின்றாள். அவன் அதிகம் பேசுவதில்லை. திடீரென எழும் ஓசை அவனைத் துன்புறுத்தும். ஆசிரியை கரும்பலகையில் எழுதும் கட்டளையை இவள் மூன்று சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக அவன் முன் வைக்கின்றாள். அவன் விரல்கள் மேசையைத் தட்டத் தொடங்கும் விதத்தைக் கொண்டே, இன்னும் சில நிமிடங்களில் அவன் அமைதி குலையும் என்பதை அறிந்து, நடைக்குக் கூட்டிச்செல்கின்றாள். மற்றப் பிள்ளைகள் அவனை விளையாட்டிற் சேர்த்துக்கொள்ளும் வகையில் மெல்லப் பேசிவைக்கின்றாள். இடையில் அவர்கள் விளையாடத் தொடங்கியதும் தான் பின்வாங்கி நிற்கின்றாள். எப்போது அருகில் இருக்கவேண்டும், எப்போது விலகவேண்டும் என்பதை அறிவதே இத்தொழிலின் கடினமான பகுதி என்று அவள் சொல்வதுண்டு. ஆசிரியத் தொழிலில் நாம் பல ஆண்டுகள் கழித்துப் பெறும் அறிவு இது.

இவ்வறிவுக்கு ஏன் விலையில்லை? இவ்விடத்திலேதான் கெர்கோவா அம்மையாரின் ஆய்வு எமக்குத் துணைபுரிகின்றது. 1982இல் வெளிவந்த நூலொன்றிலே அவர் தொழிற்சாலைப் பெண்களை ஆராய்ந்தார். 1988இல் பிரான்சின் மருத்துவத் தாதியர் நாடெங்கும் திரண்டு போராடியபோது, அப்போராட்டத்தையும் தம் சக ஆய்வாளருடன் ஆராய்ந்து 1992இல் நூலாக்கினார். அவர் கண்ட உண்மையை எமது சொற்களிற் கூறுவதாயின் இவ்வாறு கூறலாம்: பெண்பிள்ளை வீட்டிலே பல ஆண்டுகள் பயிற்றப்படுகின்றாள். பொறுமை, நுண்ணிய கைவேலை, பிறர் துயரைக் குறிப்பால் அறிதல், பல வேலைகளை ஒரே வேளையிற் கவனித்தல் ஆகியன அவளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் அக்கல்விக்குப் பாடசாலையுமில்லை, சான்றிதழுமில்லை. ஆகவே முதலாளி அதனைத் தகைமை என்று ஏற்பதில்லை. பெண்ணின் பிறவிக் குணம் என்று சொல்லிவிடுகின்றான். தகைமைக்குச் சம்பளம் உண்டு. குணத்துக்குப் பாராட்டு மட்டுமே உண்டு.

ஆண் பெண் உழைப்புப் பிரிவினை இரண்டு விதிகளால் இயங்குவதாகவும் அவர் எடுத்துக்காட்டினார். இன்னது ஆணின் வேலை, இன்னது பெண்ணின் வேலை என்று பிரிப்பது முதல் விதி. ஆணின் வேலையைப் பெண்ணின் வேலையிலும் பெறுமதி மிக்கதாகக் கொள்வது இரண்டாவது விதி. இவ்விரண்டு விதிகளும் சேர்ந்து செயற்படும் இடமாகவே துணையாளர் உத்தியோகத்தை நாம் காண்கின்றோம். பிள்ளையைப் பார்ப்பது பெண்ணின் வேலை என்பதால் பெண்களே வருகின்றனர். பெண்களே செய்வதால் அது தொழில் என்ற பெயருக்குத் தகுதியற்றதாகின்றது. தாய்மார்க்கு வசதியான பகுதிநேர வேலை என்று அதனை வருணிப்போரும் உளர். அரைச் சம்பளத்தில் எந்தத் தாய்க்கு வசதி என்பதை அவர்கள் கேட்பதில்லை.

இங்கு சுரண்டுபவன் தனியார் முதலாளியல்லன், மக்கள் அரசு என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. பிரான்சின் பொதுச்சேவைக்குப் பெருமைமிக்க மரபொன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின், பொதுவுடைமைக் கட்சித் தலைவர் மொரிசு தொரேசு அமைச்சராக இருந்த காலத்தில், 1946 ஒக்டோபர் 19ஆந் திகதி, அரசாங்க ஊழியர்க்கான பொதுச் சட்டம் நிறைவேறிற்று. அதிகாரியின் விருப்பு வெறுப்பிலிருந்து ஊழியரை அது காத்தது. ஆண் பெண் என்ற வேற்றுமை பாராட்டலாகாது என்றும் விதித்தது. உழைப்பாளர் இயக்கம் ஈட்டிய பேறுகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அச்சட்டத்தின் வேலிக்கு வெளியே, ஒப்பந்த ஊழியர் என்ற பெயரில் இன்னொரு கூட்டம் பின்னர் வளர்ந்துவந்தது. துணையாளர் யாவரும் அவ்வேலிக்கு வெளியே நிற்பவர்களே. காலவரையற்ற நியமனம் பெற்ற பின்னும் அவர்கள் முழு அரச ஊழியராவதில்லை. ஆண் பெண் வேற்றுமை பாராட்டாத சட்டம், தன் எல்லைக்கு வெளியே பெண்கள் மட்டுமே நிறைந்த ஒரு வரிசை உருவாவதைத் தடுக்கவில்லை. சட்டத்தின் எழுத்திலே சமத்துவத்தைத் தேடுவதோடு நின்றுவிடாமல், அச்சட்டம் யாரைத் தொடவில்லை என்பதையும் ஆராயவேண்டிய கடமை சமூகவியலுக்கு இதனாலேயே ஏற்படுகின்றது.

இவ்வாறு நாம் எழுதும்போது நியாயமான மறுப்பொன்று எழக்கூடும். இயலாமையுடையோர் இயக்கங்களுள் ஒரு பகுதியினரே அதனைக் கூறுவர். பிரித்தானியச் சமூகவியலாளர் மைக்கல் ஒலிவர், தாமே சக்கர நாற்காலியிலிருந்து வாழ்ந்தவர். மனிதனின் உடற்குறையைக் காட்டிலும், அவனைக் கருத்திற்கொள்ளாமற் கட்டப்பட்ட சமுதாயமே அவனை இயலாதவனாக்குகின்றது என்ற கோட்பாட்டை 1983 முதல் விளக்கி, 1990இல் வெளியான தமது நூலில் விரித்துரைத்தார். அக்கோட்பாட்டின்படி நோக்கினால், பாடசாலையின் படிக்கட்டையும் பாடத்திட்டத்தையும் பரீட்சை முறையையும் மாற்றாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெண்ணை இருத்திவிடுவது தீர்வாகுமா? அத்துணையே பிள்ளைக்கும் சகமாணவர்க்கும் இடையே சுவராகிவிடாதா?

இக்கேள்வியை நாம் மதிக்கின்றோம். ஆனால் இதே கேள்வியை ஆட்சியாளர் தம் வசதிக்குப் பயன்படுத்திய விதத்தையும் காணவேண்டும். 2019இல் பிரான்சு அரசு, பல பாடசாலைகளை ஒரே தொகுதியாக்கித் துணையாளரைப் பகிர்ந்தளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிள்ளையின் சுயாதீனத்தை வளர்ப்பது என்ற நல்ல சொல் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. நடைமுறையில் ஒரே பெண் பல பிள்ளைகளிடையேயும், சிலவேளை பல பாடசாலைகளிடையேயும் ஓடவேண்டியதாயிற்று. கட்டடமும் பாடமும் வகுப்பின் பருமனும் அதற்கேற்ப மாறவில்லை. பாடசாலையை மாற்றுவதற்குப் பணமும் காலமும் வேண்டும். துணையாளரின் நேரத்தைத் துண்டாடுவதற்கு ஒரு சுற்றுநிருபம் போதும். ஒலிவரின் கோட்பாட்டை நேர்மையாக ஏற்பவர், பாடசாலையை மாற்றும் பணியிலே துணையாளரையும் பங்காளியாக்குவார். அப்பிள்ளையின் தடை எந்தப் படியில், எந்தப் பாடத்தில், எந்த மணியோசையில் இருக்கின்றது என்பதை அவளைப்போல் அறிந்தவர் வேறு யார்? அவளை ஆசிரியர் கூட்டத்துக்கு அழைத்து, அக்கூட்ட நேரத்துக்கும் சம்பளம் கொடுப்பதே முதற்படி.

மதிய உணவு பற்றிய வழக்கு ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. பிள்ளை பாடசாலையிலே சாப்பிடும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கல்வி நேரமா, அன்றா? உணவுச்சாலை உள்ளூராட்சிச் சபைக்குரியது, வகுப்பறை அரசுக்குரியது. அந்நேரத்தில் துணையாளருக்கு யார் சம்பளம் கொடுப்பது? அந்நேரத்துக்கான பொறுப்பு அரசினுடையதன்று என்று 2020 நவம்பரில் அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் சில ஊர்களிலே பிள்ளைக்குத் துணை கிடைத்தது. சில ஊர்களிலே கிடைக்கவில்லை. 2024 மே 27ஆந் திகதி நிறைவேறிய சட்டமே அப்பொறுப்பை மீண்டும் அரசிடம் ஒப்படைத்தது. பிள்ளையின் பசிக்கு நிருவாக எல்லை தெரியாது. கரண்டியைப் பிடிக்க இயலாத பிள்ளைக்கு உணவு நேரத்தில் ஆளில்லையெனில், அப்பிள்ளையை நண்பகலில் வீட்டுக்குக் கூட்டிச்செல்லத் தாய் வேலையை விடவேண்டும். ஆகவே துணையாளருக்குக் கொடுக்கப்படாத ஒரு மணிநேரச் சம்பளம் மறைந்துபோவதில்லை. இன்னொரு பெண்ணின் இழப்பாக மாறுகின்றது. ஊதியம் பெறும் பெண்ணும் ஊதியம் பெறாத பெண்ணும் ஒரே சங்கிலியின் இரு வளையங்கள்.

இச்சங்கிலியின் மறுமுனையை நாம் எமது மண்ணிலேயே கண்டிருக்கின்றோம். நாம் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றிலே பெருமூளை வாதத்தால் நடக்கவியலாத சிறுவன் ஒருவன் பயின்றான். கூர்மையான அறிவுடையவன். அவனுக்குத் துணையாளர் என்ற உத்தியோகமே எமது பாடசாலையில் இருக்கவில்லை. தாய் அவனைச் சுமந்துவந்து, பாடசாலை முடியும்வரை வகுப்பறைக்கு வெளியே வேப்பமர நிழலில் அமர்ந்திருப்பாள். இடைவேளையில் அவனைத் தூக்கிச் செல்வாள். எழுத முடியாத குறிப்புகளைப் பிற பிள்ளைகளின் கொப்பிகளிலிருந்து பார்த்தெழுதுவாள். முன்பு வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குச் சென்றவள் அவள். மகன் பள்ளி செல்லத் தொடங்கியதும் அக்கூலி நின்றது. 1945 முதல் இந்நாட்டிலே கல்வி இலவசம் என்று நாம் பெருமையோடு கற்பிக்கின்றோம், அப்பெருமை நியாயமானதே. ஆயின் அத்தாய் தன் மகனின் இலவசக் கல்விக்கு நாள்தோறும் ஒரு நாட்கூலியைக் கட்டணமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்நாட்டில் இதுபற்றிய ஏட்டுச் சட்டங்களுக்குக் குறைவில்லை. அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை இயலாமையுடையோர்க்கு ஒதுக்கவேண்டும் என்ற சுற்றுநிருபம் 1988இல் வெளிவந்தது. அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேறிற்று. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிசெய்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமாகப் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஓர் இயலாமையோடு வாழ்ந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இப்பெண்களுக்கு அரச உத்தியோகத்தின் கதவு எவ்வளவு திறந்துள்ளது என்ற கேள்வியும், இவர்களைப் பராமரிக்கும் பெண்கள் இழந்த கூலி எவ்வளவு என்ற கேள்வியும் ஒரே அட்டவணையில் வைத்து ஆராயப்படவேண்டியவை. பால், இயலாமை, உத்தியோகம் என்று தனித்தனிக் கோவைகளில் வைத்திருக்கும்வரை, மூன்றும் ஒன்றையொன்று பற்றிநிற்கும் முடிச்சு எவர் கண்ணிலும் படாது.

தமிழ் படித்தவர் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். தொண்டு என்பது எமது மொழியில் உயர்ந்த சொல். சேக்கிழார் அடியாரின் வரலாற்றைப் பாடித் தம் நூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்றே பெயரிட்டார். அவ்வுயர்ந்த சொல் எமது காலத்தில் வேறொரு பயன்பாட்டுக்கு வந்தது. போர்க்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியரில்லாத பாடசாலைகளைத் திறந்துவைத்தவர்கள் தொண்டர் ஆசிரியர் எனப்பட்டனர். அவர்களுட் பலர் பெண்கள். ஷெல் விழும் நாளிலும் வகுப்பெடுத்தவர்கள், போர் முடிந்த பின் நிரந்தர நியமனங் கேட்டு அலுவலக வாயில்களில் அமர்ந்திருந்தனர். சிலர்க்குக் காலந்தாழ்த்தி நியமனம் கிடைத்தது. சிலர் வயதெல்லையைத் தாண்டிக் காத்திருந்தனர். தொண்டர் என்ற பெயர் அவர்களுக்கு மதிப்பைத் தந்தது. அதே பெயர் அவர்களின் சம்பளக் கோரிக்கையைத் தட்டிக்கழிக்கவும் உதவிற்று. பிரான்சிலே பெண்ணின் இயல்பு என்ற சொல் செய்யும் வேலையை இங்கே தொண்டு என்ற சொல் செய்தது. உழைப்பைப் புகழும் சொல் எதுவாயினும், அதன் பின்னே சம்பளச் சீட்டு இருக்கின்றதா என்று பார்க்க மாணவர்கள் பழகவேண்டும்.

2021 ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர் மாதத்திலும் பிரான்சின் துணையாளர்கள் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தனர். ஆசிரியர் சங்கங்கள் அவர்களோடு நின்றன. 24 மணித்தியால வேலையை முழுநேர வேலையாகக் கொண்டு சம்பளம் வழங்கவேண்டும், அரசாங்க ஊழியர்க்குரிய தகுதி வேண்டும் என்பன அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். இவை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. வேலைநிறுத்த நாளிலே பிள்ளையின் கல்வி கெடுகின்றதே என்று கவலைப்பட்ட பெற்றோரும் இருப்பர். அவர்களின் கவலை உண்மையானது. ஆனால் ஆண்டுதோறும் துணையாளர் களைத்துப்போய் வேலையை விட்டுச் செல்வதாற் கெடும் நாட்கள் அதனிலும் எத்தனையோ மடங்கு. பிள்ளையின் உரிமையையும் அப்பெண்ணின் ஊதியத்தையும் எதிரெதிர்த் தட்டில் வைப்பது, இரண்டையும் மறுப்பவர்க்கே இலாபமாகும். பழகிய முகம் நாளையும் வரும் என்ற உறுதியே அப்பிள்ளைக்குக் கல்வியின் முதற்பாடம். அவ்வுறுதியை அளிப்பது அப்பெண்ணின் உத்தியோகப் பாதுகாப்பேயன்றி வேறில்லை.

எமது நாட்டிலும் எல்லாப் பிள்ளைகளையும் உள்வாங்கும் பாடசாலை பற்றிய பேச்சு வளர்ந்துவருகின்றது. அதனை வரவேற்போம். ஆனால் அத்திட்டம் எமது பாடசாலை வாயிலுக்கு வரும்போது, ஆசிரியர்களாகிய நாம் சில கேள்விகளை முதலிலேயே எழுப்பவேண்டும். பிள்ளையோடு யார் இருப்பார்? அவரது நாளில் எத்தனை மணித்தியாலம் எண்ணப்படும்? அவருக்கு ஓய்வூதியம் உண்டா? எமது சங்கத்தில் அவருக்கு இடமுண்டா? இக்கேள்விகளுக்கு விடையில்லாமற் பிள்ளையின் பெயரை மட்டும் இடாப்பில் எழுதிவிட்டாற் போதாது. துணைநிற்கும் பெண்ணின் பெயரும், தாயோ ஊழியரோ எவராயினும், உழைப்பவர் என்ற தகுதியோடு ஓர் இடாப்பில் ஏறவேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பது ஆசிரியர் இயக்கத்தின் கடமை.